ஓ.டி. பணமா, மணி வரம்பா, லோடு வரம்பா? பார்சல் வேன் ஓட்டுநர்களின் கோரிக்கைச் சாசனத்துக்கு ஓர் ஒப்பீடு

பார்சல் நிறுவனங்களில் வேன் ஓட்டும் தொழிலாளர்கள் சங்கம் அமைத்து நிர்வாகத்தோடு முதன்முறையாகப் பேச உட்காரும்போது கோரிக்கைச் சாசனத்தில் முப்பது நாற்பது அம்சங்கள் இருப்பதும், பேச்சுவார்த்தை முடியும்போது அவற்றுள் மூன்றோ நான்கோ மட்டுமே ஒப்பந்தமாகத் தேறுவதும் வழக்கம்தான். ஆகவே வேலைச்சுமையையும் மிகைநேரத்தையும் (ஓ.டி.) பற்றிய தகராறில் எதை முன்னே வைப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை மேசைக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டின் இன்றைய நிலையில் நான்கு வழிகள் இருக்கின்றன. நிர்வாகம் தானாகவே முன்வந்து நீட்டும் பார்சல் ஊக்கத்தொகை ஒன்று. எட்டு மணிநேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு இரட்டிப்புச் சம்பளம் இரண்டாவது. ஒரு நாளைக்கு இத்தனை மணிநேரத்துக்கு மேல் வேலையே கூடாது என்ற வரம்பு மூன்றாவது. வண்டியில் ஏற்றும் லோடுக்கே வரம்பு கட்டுவது நான்காவது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இந்த வழிகளை ஏற்கெனவே நடந்து பார்த்திருக்கிறார்கள் என்பதால், நாம் ஊகத்தில் பேச வேண்டியதில்லை.

இங்கே பேசப்படுவோர் மாதச் சம்பளத்துக்கு வேன் ஓட்டுபவர்கள், அதாவது குட்டியானை போன்ற சிறு சரக்கு வண்டிகளில் ஹப்பிலிருந்து (பார்சல்களைப் பிரித்து அனுப்பும் கிடங்கு) வீடுகளுக்கும் கடைகளுக்கும் பார்சல் கொண்டு செல்பவர்கள். ஆர்டருக்கு இவ்வளவு என்று வாங்கி பைக்கில் உணவும் மளிகையும் கொடுப்பவர்களின் நிலை வேறு. தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று 2023-இல் நலவாரியம் அமைந்திருக்கிறது என்றாலும், ‘மிகைநேரம்’ என்பதற்கு அவர்கள் விஷயத்தில் சட்டப்படி பிடிமானம் இல்லை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான்கு வழிகளில் எதைத் தேர்ந்தாலும் முதலில் தீர்க்க வேண்டிய கேள்வி, வேலைநேரம் எப்போது தொடங்குகிறது என்பதுதான். ஒரு சாதாரண நாளை எடுத்துக்கொள்வோம். காலை ஏழு மணிக்கு ஓட்டுநர் ஹப்புக்கு வருகிறார். இரவு லாரியில் வந்திறங்கிய மூட்டைகளிலிருந்து தன் ரூட்டுக்குரிய பார்சல்களைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, கடைசியில் கொடுக்க வேண்டியதை உள்ளேயும் முதலில் கொடுக்க வேண்டியதைக் கதவோரமும் அடுக்கி, அன்றைய ஓட்டத்துக்கான ட்ரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடும்போது எட்டரை ஆகிவிடுகிறது. மாலையில் திரும்பியபின், கொடுக்க முடியாமல் போனவற்றை ரிட்டர்ன் ஸ்கேன் செய்து, கேஷ் ஆன் டெலிவரியில் வசூலித்த ரொக்கத்தை ஐந்நூறு எத்தனை, இருநூறு எத்தனை என்று நோட்டு வாரியாக எழுதிக் காசாளரிடம் எண்ணிக் கொடுக்க இன்னொரு முக்கால் மணிநேரம் போகிறது. ஆனால் பதிவேட்டில் வேலைநேரமாக ஏறுவது, வண்டி கேட்டைத் தாண்டியதிலிருந்து மறுபடி கேட்டுக்குள் நுழையும் வரை உள்ள நேரம் மட்டும் என்றால், நாளொன்றுக்கு இரண்டேகால் மணிநேரம் யார் கணக்கிலும் வராமல் காணாமல் போகிறது.

சட்டம் இந்த விஷயத்தில் குழப்பம் வைக்கவில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், 1961, வண்டி ஓடும் நேரத்தோடு ‘துணை வேலை’ என்ற ஒன்றையும் வேலைநேரத்தில் சேர்த்தது. சரக்கை ஏற்றி இறக்குவது, கணக்கு ஒப்படைப்பது, பணம் கட்டுவது, பதிவேட்டில் கையெழுத்திடுவது எல்லாம் அதற்குள் அடக்கம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகளில் அந்தச் சட்டம் கரைந்துவிட்டாலும், ஓட்டுநரின் துணை வேலையும் வேலைநேரமே என்ற கருத்து பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் தொடர்கிறது. இருந்தும் நடைமுறையில் இதைக் கேட்டு வாங்குபவர்கள் குறைவு.

தென்கொரியாவில் பெரும் தகராறாக வெடித்ததே இந்த இடம்தான். அங்கே பார்சல் ஓட்டுநர்கள் கொடுக்கும் பார்சலுக்கு மட்டுமே கமிஷன் பெறுகிறார்கள். காலையில் பல மணிநேரம் நின்று தங்கள் பகுதிப் பார்சல்களைப் பிரித்தெடுக்கும் வேலைக்கு அப்போது காசு கிடைக்கவில்லை. கொரோனா ஆண்டான 2020-இல் பார்சல்கள் குவிந்தபோது பத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்கள் அடுத்தடுத்து இறந்தார்கள். அளவுக்கு மீறிய வேலையே காரணம் என்று சங்கங்கள் குற்றம் சாட்டின. அரசு, நிறுவனங்கள், சங்கங்கள் எல்லாம் சேர்ந்து 2021 ஜனவரியில் செய்த முதல் உடன்படிக்கையின் தலையான அம்சம், பிரித்தடுக்கும் வேலை நிறுவனத்தின் பொறுப்பு என்பது. ஜப்பானில் யமாட்டோ என்ற பார்சல் நிறுவனத்திலும் வேறு உருவில் இதே பிரச்சினை. யோகோஹாமா பகுதிக் கிளை ஒன்றில் 2016-இல் தொழிலாளர் ஆய்வு அலுவலகம் குறை கண்டுபிடித்தபோது, ஓட்டுநர் கையில் வைத்திருக்கும் கருவியை இயக்கி அணைக்கும் நேரத்தைக் கொண்டு வேலைநேரத்தைக் கணக்கிட்டதும், எடுக்காத உணவு இடைவேளையை எடுத்ததாகக் கழித்ததும் வெளியே வந்தன. அடுத்த ஆண்டு அந்நிறுவனம் ஏறக்குறைய 47,000 ஊழியர்களுக்கு 1,900 கோடி யென் நிலுவை கொடுப்பதாக அறிவிக்க நேர்ந்தது. ஆகவே, ஹப்பில் கையெழுத்திடும் நேரம் முதல் காசாளர் ரசீது கொடுக்கும் நேரம் வரை வேலைநேரம் என்ற வாசகம் எந்த ஒப்பந்தத்திலும் முதல் வரியாக நிற்க வேண்டும். அது இல்லாத ஒப்பந்தத்தில் மற்ற எந்த வரம்பும் ஓட்டைப் பாத்திரம்தான்.

இனி வழிகளுக்கு வருவோம். ஊக்கத்தொகையை நிர்வாகங்கள் விரும்பி நீட்டுவதற்குக் காரணம் உண்டு. அறுபது பார்சல் வரை சம்பளத்தில் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் ஐந்து ரூபாய் என்று ஒரு திட்டம் வந்தால், மாதக் கடைசியில் கையில் கூடுதல் பணம் தெரிகிறது. வேகமாக ஓடும் இளைஞர்களுக்கு அது பிடித்தும் போகிறது. கணக்குக்காக, மாதம் 20,800 ரூபாய் சம்பளமும் 26 வேலை நாளும் வைத்துக்கொண்டால் மணிக்கு 100 ரூபாய் வருகிறது. தொண்ணூறு பார்சல் ஏற்றி, அதனால் பத்தரை மணிநேரம் உழைத்தவருக்கு ஊக்கத்தொகையாகக் கிடைப்பது 150 ரூபாய். அதே இரண்டரை மணிநேரத்துக்குச் சட்டப்படியான இரட்டிப்பு, முழுச் சம்பளத்தின் மேல் போட்டால், 500 ரூபாய். அதாவது 350 ரூபாயை விட்டுக்கொடுத்து 150 ரூபாயை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது. அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. அறுபது என்ற இலக்கை நிர்வாகமே எழுதுகிறது என்பதால், எல்லாரும் தொண்ணூறு கொடுக்கத் தொடங்கியபின் அடுத்த ஏப்ரலில் அந்த இலக்கு எழுபத்தைந்து ஆகும். மறுக்க ஓட்டுநரிடம் வாதமே இருக்காது, ஏனென்றால் முடியும் என்று காட்டியவர் அவர்தான். பேட்டாவையும் இதே தட்டில் வைக்கலாம். மிகைநேரத்துக்குப் பதிலாக ‘ட்ரிப் பேட்டா’ என்று ஒரு தொகையைக் கொடுத்து மணிக் கணக்கையே மறக்கச் செய்வது நம் ஊர் லாரித் தொழிலில் காலம் காலமாக நடப்பது. ஊக்கத்தொகை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதை மிகைநேரச் சம்பளத்துக்கு மாற்றாக ஏற்கக் கூடாது, அவ்வளவே.

இரட்டிப்புச் சம்பளத்துக்கு மற்ற எதற்கும் இல்லாத சட்ட பலம் உண்டு. ஊதியச் சட்டத்தொகுப்பு, 2019-இன்படி மிகைநேரத்துக்கு வழக்கமான விகிதத்தின் இரு மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும்; கொடுக்காவிட்டால் மூன்றாண்டுக்குள் உரிமை கோரலாம்; அதிகாரி விரும்பினால் கோரிய தொகைக்கு மேல் அதன் பத்து மடங்கு வரை இழப்பீடும் விதிக்கலாம்; கொடுத்துவிட்டோம் என்று நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியின் மேல்தான். முந்தைய சட்டங்களில் ஆறு மாதம், ஓராண்டு என்று குறுகிக் கிடந்த காலவரம்பு இப்போது மூன்றாண்டாக விரிந்திருப்பது, பேச்சுவார்த்தை மேசையில் ஓட்டுநர்கள் கையில் உள்ள நல்ல ஆயுதம். நாற்பது பேரின் மூன்றாண்டு நிலுவையை ஒரு தாளில் கூட்டிக் காட்டினாலே நிர்வாகத்தின் பேச்சுத் தொனி மாறும்.

ஆனால் இதையே முதன்மைக் கோரிக்கையாக வைக்கலாமா என்றால் எனக்குத் தயக்கம் உண்டு. இரட்டிப்பு எதன் மேல் கணக்கிடப்படுகிறது என்று பாருங்கள். நம் நிறுவனங்கள் சம்பளத்தை அடிப்படை, வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி என்று துண்டு துண்டாக்கிப் பழகியவை. புதிய சட்டத்தொகுப்பு, கழித்துக்கொள்ளும் படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதியை ஊதியமாகக் கொள்ளச் சொல்கிறது. இதனால் ஊதியம் மொத்தத்தில் பாதிக்குக் கீழே போகாது என்பது முன்னேற்றம்தான். இருந்தாலும் பாதியோடு நிற்கும் நிறுவனத்தில் நம் உதாரண ஓட்டுநரின் மிகைநேர அடிப்படை மணிக்கு 50 ரூபாய். அதன் இரட்டிப்பு 100 ரூபாய். அதாவது சாதாரண மணிநேரத்துக்கு நிறுவனம் செலவிடும் அதே தொகை. சட்டம் தண்டனையாகக் கருதிய இரட்டிப்பு, நிறுவனத்தின் கணக்குப் புத்தகத்தில் வெறும் ஒற்றை மடங்காக வந்து உட்காருகிறது. இன்னொரு ஓட்டுநரை எடுத்தால் இன்னொரு வண்டி வாடகை, இன்னொரு டீசல் செலவு, இன்னொருவருக்கு பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் வேண்டும், இருப்பவரையே பத்தரை மணிநேரம் ஓடவிட்டால் இவை எதுவும் இல்லை. ஓ.டி. பணத்தை ஒழுங்காகக் கொடுக்கும் நல்ல நிறுவனம்கூட லோடைக் குறைக்காததற்கு இதுவே காரணம். பணத்தைக் கேட்பவர்களுக்குப் பணம் கிடைக்கும், தூக்கம் கிடைக்காது.

மூன்றாவதான மணி வரம்புக்கு இரு நாட்டு அனுபவம் இருக்கிறது. தென்கொரியாவின் 2021 உடன்படிக்கைகள் வாரத்துக்கு 60 மணிநேரம் என்று வரம்பு கட்டின. நம் 48 மணிநேரத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய எண்தான். ஆனால் அதற்கு முன் அங்கே பலர் வாரம் 70 மணிநேரத்துக்கு மேல் உழைத்துக்கொண்டிருந்தார்கள். ஜப்பானில் லாரி ஓட்டுநர்களின் மிகைநேரத்துக்கு 2024 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 960 மணிநேரம் என்ற சட்ட வரம்பு வந்தது. இரண்டு இடங்களிலும் உடனே எழுந்த கேள்வி ஒன்றுதான்: குறைந்த நேரத்துக்குக் குறைந்த வருமானமா? கமிஷனில் வாழும் கொரிய ஓட்டுநருக்கு நேரம் குறைந்தால் பார்சல் குறையும், பார்சல் குறைந்தால் சாப்பாடு குறையும். அதற்காகவே பார்சல் கட்டணத்தை உயர்த்த உடன்படிக்கையில் ஏற்பாடு செய்தார்கள். உயர்ந்த கட்டணத்தில் எவ்வளவு உண்மையில் பிரித்தடுக்கும் ஆட்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் போகிறது என்ற சண்டையில், நாட்டின் முதன்மைப் பார்சல் நிறுவனமான சி.ஜே. லாஜிஸ்டிக்ஸில் 2021 டிசம்பர் 28 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் மார்ச் வரை, 65 நாள், இழுத்தது. உடன்படிக்கையில் கையெழுத்திடாத, கூப்பாங் போன்ற இணைய வணிக நிறுவனம் இரவும் பகலும் ஓட்டிக்கொண்டே வளர்ந்தது இன்னொரு தலைவலி.

நம் ஊரில் மணி வரம்பு மட்டும் எழுதப்பட்டால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். ஒன்பது மணிநேரம் முடிந்ததும் ஆப்பில் ‘டியூட்டி முடிந்தது’ என்று அழுத்தச் சொல்வார்கள். மிச்சமிருக்கும் இருபது பார்சலையும் ‘போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போ’ என்பார்கள். அல்லது இன்னொருவர் ஐ.டி.யில் தொடரச் சொல்வார்கள். வண்டியில் பார்சல் இருக்கும்வரை கடிகாரத்தை நிறுத்திப் பயனில்லை. பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்தவர் பெயர் மறுநாள் காலை சூப்பர்வைசர் வாட்ஸாப் குழுவில் ஏறும். அந்த அவமானத்துக்கு அஞ்சியே பலர் சொந்த நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

யமாட்டோவின் சங்கம் இந்த முடிச்சை வேறு முனையில் பிடித்தது. 2017 வசந்தகால ஊதியப் பேச்சில் அவர்கள் சம்பள உயர்வோடு நில்லாமல், நிறுவனம் ஏற்கும் பார்சல்களின் எண்ணிக்கையையே கட்டுப்படுத்தும்படி கேட்டார்கள். ஆண்டுக்கு 180 கோடிக்கும் மேற்பட்ட பார்சல்களைக் கையாளும் நிறுவனத்திடம் வியாபாரத்தைக் குறைத்துக்கொள் என்று தொழிலாளர்கள் சொன்னது விந்தையாகத் தெரிந்தாலும், நிர்வாகம் அதை ஏற்றது. பகல் 12 முதல் 2 மணி வரையிலான டெலிவரி நேரப் பிரிவை எடுத்துவிட்டு ஓட்டுநருக்குச் சாப்பிட நேரம் கொடுத்தார்கள். பெரிய வாடிக்கை நிறுவனங்களோடு கட்டணத்தை மறுபடி பேசினார்கள். 2017 அக்டோபரில், 27 ஆண்டுகளில் முதன்முறையாக, பொதுமக்களுக்கான கட்டணத்தைச் சராசரியாக 15 விழுக்காடு உயர்த்தினார்கள். அந்த ஆண்டு பார்சல்களின் எண்ணிக்கை சற்றே குறையவும் செய்தது. சந்தையில் பாதிக்கு அருகே பங்கு வைத்திருந்த நிறுவனத்தால் இது முடிந்தது. போட்டி நிறுவனம் கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் வாடிக்கையாளர் மறுநாளே மாறிவிடும் சென்னை, கோவை, திருப்பூர் சந்தையில் ஒரு நடுத்தர நிறுவனத்திடம் மொத்த வியாபாரத்தைக் குறைக்கச் சொல்வது நடக்காத காரியம். ஆனால் ஒரு வண்டிக்கு எவ்வளவு என்று கேட்க முடியும்.

லோடு வரம்பு என்றதும் ‘நாளுக்கு எழுபது பார்சல்’ என்று ஓர் எண்ணை எழுதத் தோன்றும். அதில் விழ வேண்டாம். அண்ணா நகரில் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் பதினைந்து பார்சலை வாசல் காவலரிடம் கொடுத்து ஓ.டி.பி. வாங்கிவிடலாம்; புறநகரில் அதே பதினைந்துக்குப் பதினைந்து தெரு, மூடிய கதவு, ‘அண்ணா, பிள்ளையார் கோயில் பக்கம் வாங்க’ என்று தொலைபேசியில் வழிகேட்டல். பார்சல் என்றால் கைப்பேசி உறையும் பார்சல்தான், இருபது கிலோ அரிசி மூட்டையும் பார்சல்தான். எண்ணும் அலகு நிறுத்தமாக இருக்க வேண்டும், அதுவும் ரூட்டுக்கு ரூட்டு வேறாக இருக்க வேண்டும் என்று தொடங்கினால் ஒப்பந்தம் நாற்பது பக்க அட்டவணையாகி, கையெழுத்தாகும் முன்பே பழசாகிவிடும். அமெரிக்காவின் யு.பி.எஸ். பார்சல் நிறுவனம் பல்லாண்டுகளாக நேர ஆய்வு செய்து ஒவ்வொரு ரூட்டுக்கும் ‘இவ்வளவு நேரம் போதும்’ என்று கணக்கிட்டு வைத்திருக்கிறது; அதற்குமேல் கணினி வழி வகுக்கும் ஓரியன் என்ற மென்பொருளும் உண்டு. அந்தக் கணக்கை ஓட்டுநர்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை.

ஆனால் அதே யு.பி.எஸ். ஓட்டுநர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கம் இந்தச் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போக ஒரு வழி கண்டிருக்கிறது. நான் பார்த்தவரை நமக்கு மிகவும் பயன்படக்கூடியது அதுதான். அவர்களுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு கிடைக்கும். அதற்கும் மேலாக ‘ஒன்பதரை’ என்று ஒரு விதி இருக்கிறது. அதிக மிகைநேரம் வேண்டாம் என்று நினைக்கும் ஓட்டுநர் தன் பெயரை ஒரு பட்டியலில் எழுதிக்கொடுக்கலாம். பட்டியலில் உள்ளவருக்கு ஒரு வாரத்தில் மூன்று நாள் ஒன்பதரை மணிநேரத்தைத் தாண்டும்படி லோடு ஏற்றினால் அவர் முறையீடு செய்து, ஒன்பதரைக்கு மேற்பட்ட நேரத்துக்கு மும்மடங்குச் சம்பளம் கேட்கலாம். இதில் பார்சலை யாரும் எண்ணவில்லை; அடுக்குமாடியா தெருவா என்ற தர்க்கம் இல்லை. விளைவான நேரத்தை மட்டும் அளந்து, அளவு மீறினால் அது லோடு போட்டவரின் தவறு என்று விதி சொல்கிறது. மீறிய நேரம் ஓட்டுநரின் வருமானமாகப் பார்க்கப்படாமல் நிர்வாகத்தின் ஒப்பந்த மீறலாகப் பார்க்கப்படுவதால் ரூட்டைப் பிரிப்பதா, ஆளைக் கூட்டுவதா என்று யோசிக்க வேண்டியவர் மேலாளர் ஆகிறார். நம் உதாரணத்தில் அடிப்படை 50 ரூபாயாகவே இருந்தாலும் மும்மடங்கு 150 ரூபாய். அப்போதுதான் மிகைநேரம் சாதாரண நேரத்தைவிட நிறுவனத்துக்கு உண்மையாகவே அதிகச் செலவாகிறது. சட்டம் சொல்வது குறைந்தபட்ச அளவு என்பதால், அதற்கு மேல் ஒப்பந்தத்தில் எழுதத் தடையேதும் இல்லை.

பெயர் எழுதிக்கொடுப்பவர்களுக்கு மட்டும் என்பது சங்க ஒற்றுமையைக் குலைக்கும் என்று ஓர் ஆட்சேபம் வரும். பெயர் கொடுத்தவருக்கு மோசமான ரூட்டைத் தள்ளுவார்கள், கொடுக்காதவர் ‘நல்ல பிள்ளை’ ஆவார் என்பது மெய்தான். ஆனால் வீட்டுக் கடனும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் உள்ள ஓட்டுநருக்கு ஓ.டி. பணம் தேவை, அவரையும் கட்டாயமாக ஒன்பதரையோடு நிறுத்தினால் கோரிக்கைச் சாசனத்துக்கு எதிராக முதலில் பேசுபவர் அவராகத்தான் இருப்பார். விருப்பத்துக்கு விடுவதே நடைமுறைக்கு ஏற்றது. பழிவாங்கலுக்கு ரூட் மாற்றத்தை முறையீட்டுக்கு உட்படுத்தி இன்னொரு வரி சேர்த்துக்கொள்ளலாம். ‘நீ மெதுவாக ஓட்டியதால்தான் ஒன்பதரை தாண்டியது’ என்ற நிர்வாகத்தின் பதிலுக்கும் முன்பே வழி செய்ய வேண்டும். அந்த ரூட்டில் சென்ற மூன்று மாதங்களில் ஓட்டிய எல்லாருடைய சராசரி நேரத்தோடு ஒப்பிடுவது, தகராறு முற்றினால் சங்கப் பிரதிநிதியும் சூப்பர்வைசரும் சேர்ந்து ஒரு வாரம் அந்த வண்டியில் உட்கார்ந்து போய்ப் பார்ப்பது ஆகிய இரண்டும் போதும். வண்டியில் உட்கார்ந்து ஒரு நாள் போய்வந்த சூப்பர்வைசர் மறுநாள் அதே லோடைப் போட யோசிப்பார்.

யு.பி.எஸ். விதியில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு அது பொருந்தாது. சுமை மிக அதிகமாக இருக்கும் காலத்தையே விலக்கியிருக்கிறார்கள். நம் ஊர் நிர்வாகங்களும் ஆடித் தள்ளுபடிக்கும் தீபாவளிக்கும் விலக்குக் கேட்கும். முழு விலக்குக்குப் பதிலாகத் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களுக்கு வரம்பைப் பத்தரையாக உயர்த்திக்கொள்ளச் சம்மதிக்கலாம்; தற்காலிக உதவியாளர் ஒருவரை வண்டியில் ஏற்றும் நிபந்தனையோடு.

அதே நிறுவனத்தின் 2018 ஒப்பந்தத்திலிருந்து எச்சரிக்கை ஒன்றையும் எடுத்துக்கொள்ள வேண்டும். வார இறுதி டெலிவரிக்காகவும் பழைய ஓட்டுநர்களின் மிகைநேரச் சுமையைக் குறைப்பதற்காகவும் என்று சொல்லிக் குறைந்த சம்பளத்தில் இரண்டாம் தர ஓட்டுநர் பிரிவு ஒன்று உருவாக்கப்பட்டது. வாக்களித்தவர்களில் 54 விழுக்காட்டினர் அந்த ஒப்பந்தத்தை நிராகரித்தார்கள். ஆயினும் பாதிக்கும் குறைவானோரே வாக்களித்ததால், நிராகரிக்க மூன்றில் இரு பங்கு வேண்டும் என்ற சங்க விதியைக் காட்டி ஒப்பந்தம் நிறைவேற்றப்பட்டது. அந்தப் பிரிவை ஒழிக்கவும் விடுமுறை நாளில் கட்டாயமாக அழைப்பதை நிறுத்தவும் 2023 வரை காத்திருக்க நேர்ந்தது. அந்த 2023 ஒப்பந்தத்துக்கு 86.3 விழுக்காடு ஆதரவு கிடைத்தது. நம்மிடம் இரண்டாம் தரம் என்பது வெண்டர் (வண்டியும் ஓட்டுநரும் தரும் ஒப்பந்தக்காரர்) உருவில் ஏற்கெனவே இருக்கிறது. நேரடி ஓட்டுநருக்கு ஒன்பதரை விதி வந்த மறுவாரமே மிச்ச லோடு வெண்டர் வண்டியில் ஏறும். வெண்டரிடம் ஒன்பது பேர் இருந்தால் பத்துப் பேராவது உள்ள இடத்துக்கான பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அவருக்குப் பொருந்தாது, ஊதியச் சட்டத்தொகுப்பின் இரட்டிப்பு மட்டுமே பொருந்தும். ஆகவே ஒரே ஹப்பில் ஏற்றும் வெண்டர் ஓட்டுநர்களுக்கும் அதே வேலைநேரக் கணக்கு என்பதை ஒப்பந்தத்தில் கொண்டுவர முயல வேண்டும். குறைந்தபட்சம், ஒப்பந்தக்காரர் சம்பளம் கொடுக்காவிட்டால் பொறுப்பு முதன்மை நிறுவனத்துடையது என்ற பழைய சட்ட நிலையை நினைவூட்ட வேண்டும். கொரியாவிலும் ஏஜென்சிகளைக் காட்டி ஒதுங்கப் பார்த்த சி.ஜே. நிறுவனம் ஓட்டுநர் சங்கத்தோடு பேசக் கடமைப்பட்டது என்று 2023-இல் சியோல் நிர்வாக நீதிமன்றமும் 2024-இல் மேல் நீதிமன்றமும் சொல்லியிருக்கின்றன.

ஆகவே என் தேர்வு இதுதான். வேலைநேரத்தின் வரையறை முதல் வரி. ஒன்பதரை மணிநேரத்துக்கு மேல் மும்மடங்கு என்ற விருப்பப் பட்டியல் இரண்டாவது வரி. எட்டிலிருந்து ஒன்பதரை வரை இரட்டிப்பு, அதுவும் மொத்தச் சம்பளத்தின் மேல், என்பது மூன்றாவது வரி. ஊக்கத்தொகையை நிர்வாகம் கொடுக்க விரும்பினால் இவற்றுக்குப் பிறகு கொடுக்கட்டும். இருபது முப்பது பேர் மட்டுமே உள்ள ஹப்பில், ஓட்டுநர்களில் பெரும்பாலோர் இளைஞர்களாகவும் பணத்தேவை உள்ளவர்களாகவும் இருந்தால், மூன்றாவது வரியை இரண்டாவதற்கு முன் வைப்பதில் தவறில்லை. வயதும் முதுகுவலியும் கூடிய இடத்தில் அது தவறு.

நிர்வாகம் இரண்டாவது வரியை ஒரேயடியாக மறுத்தால், மூன்று மாத முன்னோட்டமாக ஒரே ஹப்பில் நடத்திப் பார்க்கலாம் என்று இறங்கலாம். அதற்கும் இணங்காவிட்டால் மூன்றாண்டு நிலுவைக் கோரிக்கையைத் தாக்கல் செய்வதே அடுத்த படி. இருபது பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குறைதீர்ப்புக் குழு கட்டாயம் என்பதால் முறையீட்டை அங்கேயும் பதிவு செய்யலாம். வேலைநிறுத்தத்தைப் பொறுத்தவரை, அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கழியாமல் நிறுத்தக் கூடாது, சமரசப் பேச்சு நடக்கும்போதும் நிறுத்தக் கூடாது என்று தொழிலுறவுச் சட்டத்தொகுப்பு சொல்கிறது. அறிவிப்பு கிடைத்தபின் சமரச அதிகாரி நடத்தும் முதல் கூட்டத்தோடு சமரசம் தொடங்கிவிடும் என்பதால், தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் வண்டியை நிறுத்தலாம் என்று கணக்குப் போடுபவர்கள் சட்டத்துக்குள் அதைச் செய்வது கடினம். இவை அனைத்துக்கும் கையில் ஆதாரம் வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு முதலாளியுடையது என்றாலும், அவர் காட்டும் பதிவேட்டை மறுக்க, காலையில் கையெழுத்திட்ட ட்ரிப் ஷீட்டையும் இரவில் காசாளர் கொடுத்த ரசீதையும் நேரம் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்வதைச் சாசனம் எழுதும் வேலைக்கு முன்பே தொடங்கிவிட வேண்டும்.